கேத வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனேன்

காளையார்கோவில் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முன்மண்டையில் அடிபட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் வேடிக்கை பேசுகிறார். கண் திறந்ததும் தொடங்கினால் வாய் ஓயாது. பேசிவிட்டு முதல் ஆளாக அவரே சிரிப்பார். அது குணமில்லை, மூளையில் பட்ட காயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துக்கு எங்கே புரிகிறது. "முன்னயெல்லாம் உம்முன்னு இருப்பாக, இப்பத்தான் கலகலன்னு இருக்காக" என்கிறார்கள். ஒரு நாள் கூட்டிப்போய் வைத்துப் பார்க்கட்டும். யாரிடம் என்ன சொல்லி வைப்பாரோ என்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எனக்கு அந்த உம்மணாமூஞ்சிதான் வேண்டும். நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று ஏங்கிப்போய்விட்டேன்.

போன மாதம் கண்டனூரில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை, தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். எப்படிக் கூட்டிப்போகாமல் இருப்பது? பஸ்ஸில் வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க வந்து வாயத் தொறக்காதீக" என்று கெஞ்சினேன்.

"செத்தவரே தொறக்க மாட்டாரு, நான் தொறப்பேனா" என்று சிரித்தார்.

போனதும் நேரே அண்ணன் தலைமாட்டில் நின்றார். "என்னண்ணே, குளிப்பாட்ட இத்தன பேரா? குடுத்துவச்ச ஆளு நீங்க." ஒப்பாரி அப்படியே நின்றது. யாரோ ஒருத்தர் அடக்கமாட்டாமல் சிரித்துத் தொலைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சுடுகாட்டில் என்ன பேசினாரோ, நான் யாரையும் கேட்கவில்லை. திரும்பி வந்து குளித்ததும் கிளப்பிவிட்டேன். கேத வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வாசல்வரை இழுத்து வந்தும்விட்டேன். அங்கே திரும்பி நின்று, "போயிட்டு வாரேன் மதினி" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அண்ணன் மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி. நாளைக்கும் வாங்க. இனி இந்த வீட்ல பேசுறதுக்கு யாரு இருக்கா."

எனக்குத் தாங்கவில்லை. தெருவிலேயே நின்று அழுதேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ ஏன் அழுகுற? செத்தது எங்கண்ணன்ல" என்றார்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் சிரிக்கவில்லை.