இறக்கைக்கு வால் பிடித்தவள்

லாரிக்காரர்களுக்கு அவள் ‘வாலக்கா’. காற்றாலை இறக்கையை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டியை முன்னால் ஓட்டுவது அவள் கணவர். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்னால் நடந்தபடியே பின்சக்கரங்களைத் திருப்புவது அவள். “புருஷனுக்கு வால் பிடிக்கிறேன்னு சொல்றாங்க. நான் விட்டா அவரு யார் வீட்டு அடுப்படியில போய் நிப்பாரோ” என்று சிரிப்பாள்.

முன்பு தையல் கம்பெனியில் காலர் தைத்தவள். ரிமோட் பிடித்த பழைய ஆள் திடீரென்று நின்றுவிட, நாலு நாளைக்கு என்று வந்தாள். முதல் வளைவைத் திருப்பியதுமே ஊசியை மறந்துபோனாள்.

ஒருநாள் புறவழிப் பாலத்தை அடைத்துவிட்டதால் கடைத்தெரு வழியாக வரவேண்டியதாயிற்று. முனையில் சலூனின் தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்தது. கையில் கத்தியோடு கடைக்காரர் வெளியே வந்தார்.

“என் கடைய இடிச்சுதான் கரண்டு எடுக்கணுமா?”

“தகரத்த மட்டும் கழட்டிக்கலாம்ணே. நானே திரும்ப மாட்டித் தர்றேன்.”

“இது சுத்துனா இனிமே கரண்டு போகாதா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவளுக்கு மனசு வரவில்லை.

“காத்தடிச்சா புகையில்லாம கொட்டும். காத்து படுத்துட்டா இதுவும் படுத்துக்கும். கிழடான இறக்கைய உருக்கவும் வழியில்ல. யார்டுல மலையாக் கெடக்கு.”

“அப்புறம் ஏம்மா இந்தப் பாடு?”

“எங்கப்பா அனல்மின் நிலையத்துல கரி அள்ளுனவரு. அவரு இருமலக் கேட்டே வளந்தவ நான்.”

கடைக்காரர் உள்ளே போய் ஸ்குரூடிரைவரை எடுத்துவந்தார்.

வண்டி ஊர்ந்தது. பாதி முகம் மழித்த ஆள் ஒருவர் நுரையோடு தெருவில் நின்று, “வரலாம், வரலாம்” என்று கையாட்டினார். வாக்கிடாக்கியில் கணவர் கேட்டார்: “என்ன, வரலாமா?”

“நுரைக்காரர் பேச்சக் கேக்காதீங்க. நான் சொல்றப்ப வாங்க.”

இறக்கையின் நுனி மாடிக் கொடியில் காய்ந்த சட்டையை உரசாமல் மயிரிழையில் திரும்பியது. தெருவே விசிலடித்தது. சொன்னபடி தகரத்தை மாட்டிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

காற்றாலைத் தளத்தில் காற்று பலமாக வீசியதால் கிரேன் தூக்க மறுத்துவிட்டது. “காத்து வேணும்னுதான வந்தோம், இப்ப காத்தாலேயே காத்திருக்கோம்” என்றார் கணவர். மறுநாள் காற்று தணிந்தது. இறக்கை மேலே ஏறி கச்சிதமாகப் பொருந்தியபோது அவள் கணவரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கை வலிக்குது, விடு.”

“கொஞ்சம் இருங்க. இன்னும் போல்ட் முடுக்கல.”