தம்பூராக்காரியின் சிரிப்பு

எண்பதுகளின் பின்பாதியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பழைய இசை விழாக் கச்சேரிகளை டிவியில் மறுபடியும் போட ஆரம்பித்தார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்தில் படம் பிடித்தவை. புதிதாக எடுக்கச் சோம்பலோ, பழசின் மேல் பாசமோ, யார் கண்டது. ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் வீடியோப் பெட்டி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தார்; வானிலை அறிக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படி ஒரு ஞாயிறு, நான் அடுப்படியில் நின்றபோது, "இங்க வா, இது நீதானே?" என்று கூப்பிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். நான்தான். பதினேழு வயது, இரட்டைச் சடை. தம்பூராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாடுகிற அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"நல்லாத்தான் சிரிக்கிற," என்றார் அவர். "சினிமாக்காரி கெட்டா போ."

எந்த இடத்தில் சிரிக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் கோப்பெங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ரப்பர்ப் பால் ஸ்டோரில் நிறுவை வேலை. சனிக்கிழமை தவறாமல் அக்காவும் நானும் பஸ் பிடித்து ஈப்போவுக்குப் பாட்டு வகுப்புக்குப் போவோம். அக்காவுக்குக் குரல் இருந்தது. சும்மா இருந்தது என்று சொல்லக் கூடாது. அவள் லயத்து வரிசை வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டே பாடினால் பால் வெட்டு முடிந்து வருகிறவர்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். எனக்குக் குரல் கிடையாது. வகுப்பில் மூன்றே வாரத்தில் அதைக் கண்டுபிடித்து என் கையில் தம்பூராவைக் கொடுத்துவிட்டார்கள். அதற்காக நான் ஒன்றும் அழவில்லை. பாடுகிறவளுக்குத்தான் பயமெல்லாம்; தம்பூரா மீட்டுகிறவளுக்கு நல்ல சேலை, தலை நிறையப் பூ, நாலு விரல் வேலை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், ஈப்போ விழாவை டிவிக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்கள். அந்த வருஷம் இன்னொன்றும் இருந்தது. விழாவில் பாடும் மாணவிகளில் ஒருத்தியைப் பொறுக்கி மெட்ராசுக்கு அனுப்பிச் சங்கீதம் படிக்க வைப்பது என்று விழா நடத்தும் சபையில் முடிவு செய்திருந்தார்கள். அது அக்காதான் என்று வகுப்பில் எல்லாரும் பேசிக்கொண்டோம். அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் பெட்டியில் என்னென்ன எடுத்துப் போவது என்று ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

மேடையில் பெரிய பெரிய விளக்குகளைப் பூட்டினார்கள். காதில் கருவி மாட்டிய ஒருவர் வந்து, "லைட்டு போட்டப்புறம் யாரும் அசையாதீங்க, கேமராவப் பாக்காதீங்க," என்றார். முதல் பாதியை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். கேமராவின் தலையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது நம்மைப் பார்க்கிறது என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தேன். தோட்டத்துக் கிளப் டிவியில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

விளக்குச் சூடு பொல்லாதது. கம்பி சூடேறினால் தளர்ந்து சுருதி இறங்கும். மிருதங்கத்துத் தோலோ காய்ந்து இறுகி மேலே ஏறும். வயலின்காரர் பாட்டுக்குப் பாட்டு பிரடையைத் திருகி மிருதங்கத்தோடு சேர்த்துக்கொண்டே வந்தார். தம்பூராக்காரியும் காதைக் குடத்தில் சாய்த்துக் கேட்டு, திருக வேண்டியதைத் திருக வேண்டும். அவளுக்கு மேடையில் இருக்கிற ஒரே வேலை அதுதான். நான் குனியவில்லை. குனிந்தால் முகம் மறைந்துவிடும்.

கம்பி இறங்கியது தெரிந்ததா என்று என்னை நானே பல வருஷம் கேட்டிருக்கிறேன். நாலு கம்பியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்கியதால் காதில் பெரிதாக இடிக்கவில்லை. இருந்தாலும் ஏதோ சரியில்லை என்று விரலுக்குப் பட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அசையாதே என்றுதானே சொன்னார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது.

மூன்றாவது பாட்டில் அக்கா மேலே ஏறினாள். அவள் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் என் தம்பூரா. அவள் அதைத்தான் நம்பினாள். மேல் ஷட்ஜத்தில் போய் நின்றபோது வயலின் ஓரிடத்தில் இருந்தது, அவள் குரல் கீழே ஓரிடத்தில் இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி செய்ய மேலே தள்ளினாள். தொண்டை கம்மிப் பிளந்தது. தொட்டதும் தொடாததுமாகப் பாட்டை முடித்தாள். சபைக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் அப்பாவிடம், "நல்ல புள்ளதான். ஆனா பெரிய மேடைக்குத் தொண்ட பத்தல," என்றார். ஒலிபெருக்கியில் பாட்டும் வயலினும் மிருதங்கமும்தான் பெரிதாகக் கேட்டன. கீழே உட்கார்ந்தவர்களுக்குத் தம்பூரா சரியாகக் கேட்டிருக்காது; தப்பு அக்காவுடையது என்றுதான் பட்டிருக்கும்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தொண்ட அடச்சிருச்சு. அந்த நேரம் பாத்து அடச்சிருச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா, கண் பட்டுவிட்டது என்றார். நான் மடியில் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் பெயர். அன்று அந்த வாயை எங்கே கொண்டு போய் வைத்தேனோ.

மெட்ராசுக்கு வேறொருத்தி போனாள். ஒரு மாதம் கழித்து நிகழ்ச்சி டிவியில் வந்தது. கிளப்பில் லயத்து ஜனம் பூராவும் கூடியிருந்தது. அக்கா மேலே ஏறுகிற இடம் வந்ததும் கேமரா சட்டென்று அவளை விட்டு என் முகத்துக்கு வந்தது. அவள் முகம் கோணியதைக் காட்ட வேண்டாம் என்று படம் எடுத்தவர் மரியாதைக்காகத் திருப்பியிருக்க வேண்டும். அக்காவின் குரல் உடைகிறது. திரையில் நான் சிரிக்கிறேன். ஜனம் கைதட்டியது. "நம்ம புள்ளயப் பாரு, நம்ம புள்ளயப் பாரு," என்று கத்தினார்கள். அக்கா பெஞ்சை விட்டு எழுந்து வெளியே போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. கோயில் திருவிழாவில் கூப்பிட்டாலும் போகவில்லை. தட்டச்சுப் படித்து ஈப்போவில் வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் பீடோருக்குப் போனாள். இரண்டு பிள்ளைகளையும் தாலாட்டாமலே தூங்க வைத்தாள். நான் பார்த்திருக்கிறேன், முதுகைத் தட்டித் தட்டியே தூங்க வைப்பாள்.

பதினாலு வருஷம் கழித்து அந்த நாடா என் கைக்கு வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அதைப் போட்டுப் பார்ப்பேன். ஓட்டுவேன், திருப்புவேன், மறுபடியும் ஓட்டுவேன். ஒருநாள், மெட்ராஸ் போய் வந்தவர் மூலம் வாங்கிய கரண்டுச் சுருதிப் பெட்டியை டிவி பக்கத்தில் வைத்து, முதல் பாட்டின் தம்பூராவோடு அச்சாகச் சேர்த்தேன். பிறகு பெட்டியைத் தொடாமல் நாடாவை மூன்றாவது பாட்டுக்கு ஓட்டினேன். டிவிக்காரர்கள் தம்பூராவுக்குப் பக்கத்திலும் ஒரு மைக் வைத்திருந்தார்கள் போல. அதில் தெளிவாகக் கேட்டது. வயலின் பெட்டிக்குக் கொஞ்சம் மேலே. தம்பூரா கால் கட்டைக்கும் அதிகமாகக் கீழே. அக்கா தம்பூராவோடு அப்பழுக்கில்லாமல் சேர்ந்து பாடுகிறாள். அவள் தவறவே இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சமைத்தேன்.

அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் என்னைப் பற்றி உங்களுக்கு ரொம்ப நல்ல எண்ணம்.

சொல்ல வைத்தது விழாக்காரர்கள்தான். பழைய மாணவிகளை மேடையேற்றப் போகிறோம், அக்காவைச் சம்மதிக்க வையுங்கள் என்று என்னிடம் வந்தார்கள். போன் போட்டேன். அக்கா சிரித்தாள்.

"என் தொண்ட மேடைக்கு ஆவாதுலா. அதான் நாடே டிவில பாத்துச்சே. வேற ஆளப் பாக்கச் சொல்லு."

அவள் அதை ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள், தன் உயரத்தைச் சொல்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை நாடாவையும் சுருதிப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பீடோர் பஸ் ஏறினேன்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டபடியே கதவைத் திறந்தாள் அக்கா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அவள் வீட்டுக்காரர் கடையில். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். "உனக்கு ஒண்ணு காட்டணும்கா," என்று சொல்லி அவள் வீட்டு வீடியோவில் நாடாவைச் செருகினேன். தன் முகம் திரையில் வந்ததும், "இத எதுக்கு இப்ப போடுற?" என்றாள். பேசாமல் பாரு என்று முதல் பாட்டை ஓட்டினேன், சுருதிப் பெட்டியைச் சேர்த்தேன், மூன்றாவது பாட்டுக்குப் போனேன்.

அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீரையை வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை அவள் பாட்டைக் கேட்கவில்லை, திரையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவப் பாத்து சிரிக்கிற," என்றாள்.

"ஆமாக்கா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "பாதி தெரியும்," என்றேன்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கு பஸ்லயே சொல்லியிருந்தீன்னா," என்று மெதுவாக ஆரம்பித்தாள், "உன்ன நாலு சாத்து சாத்திட்டு மறுநாளே பாடியிருப்பேன். அவ்ளோதான் ஆயிருக்கும். பதினாலு வருசமா என் தொண்டயத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகு, "அந்தப் பெட்டிய இங்க தள்ளு," என்றாள்.

நேராக உட்கார்ந்து அந்தப் பாட்டையே எடுத்தாள். கீழ் ஸ்வரங்களில் அந்தப் பழைய குரல் அப்படியே வந்தது. கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அதே குரல். கடவுளே, எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். என் பாவம் இத்தனை சுளுவாகத் தீரப் போகிறதே என்று உள்ளுக்குள் குதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலே ஏறினாள். குரல் ஏறவில்லை. நின்று, எச்சிலை விழுங்கி, மறுபடியும் போனாள். பக்கத்தில் தம்பூரா இல்லை, மாற்றி இழுக்க யாரும் இல்லை. பெட்டி சுத்தமாக ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி ஸ்வரத்துக்குக் கீழே அவள் தொண்டை அடங்கிவிட்டது. மூன்றாவது தடவை முயற்சி செய்து, இருமி, நிறுத்தினாள். பதினாலு வருஷம் தொடாத குரல்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று பெட்டியின் திருகில் கையை வைத்தேன். "அரைக் கட்டை எறக்கி வைக்கட்டுமாக்கா?"

அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எறக்குனது போதும்," என்றாள்.