ஏழாம் தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பால்காரம்மா என்று பெயர். மழையோ கடையடைப்போ, பால் ஊற்றுவது நிற்கக் கூடாது அல்லவா? அவள் வேலையும் அப்படித்தான். ஸ்டெம் செல்களுக்கு விடுமுறை தெரியாது. தினமும் தட்டுகளில் உள்ள பழைய மீடியத்தை, அதாவது செல்களுக்கு உணவான திரவத்தை, உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான புதிய மீடியத்தை விளிம்போரமாக விட வேண்டும். தவறினால் செல்கள் வாடிவிடும். அதனால் கல்யாணமோ காய்ச்சலோ, ஒரு நடை வந்து ஊற்றிவிட்டுத்தான் போவாள். "எனக்குப் பதிலா அந்தத் தட்டுங்களையே கட்டியிருக்கலாம்" என்பது அவள் கணவனின் தீராத புகார்.

மொத்தம் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றும் வயதான ஒருவரின் கையிலிருந்து பொட்டளவு எடுத்த தோலில் தொடங்கியது. தோலின் செல்களைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, பிறகு இதயமாகவோ நரம்பாகவோ வளர்த்து, முதுமை எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று பார்ப்பது திட்டம். பணம் போட்டது ஒரு தொழிலதிபரின் அறக்கட்டளை. அந்த மனிதருக்கு நூறு வயது போதாதாம். "அதுக்கு மேல இருந்து என்ன பண்ணுவாராம்?" என்று வாட்ச்மேன் கேட்பார். "அடுத்த நூறுக்குப் பணம் சேர்ப்பார்" என்பாள் இவள்.

தோல் கொடுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது, எண் மட்டும்தான் என்பது விதி. ஆனால் ஏழு யாரென்று அவளுக்குத் தெரியும். ஆள் கிடைக்காமல் திண்டாடிய நாட்களில் தன் அப்பாவையே அழைத்து வந்து உட்கார வைத்தவள் அவள்தான். மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். மறு வருடம் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். தட்டு மட்டும் இருந்தது.

வெறுமனே இருக்கவில்லை, கொழித்தது. மற்ற தட்டுகள் மெல்ல மெல்ல நிறையும். ஏழு அவசர அவசரமாக நிறைந்து, பிரித்து வேறு தட்டுக்கு மாற்று என்று நச்சரிக்கும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அம்மாவிடம் மட்டும் சொல்வாள்.

"இன்னைக்கும் அப்பாதாம்மா முதல்."

"உயிரோட இருந்தப்ப தட்டுல பாதியை மிச்சம் வைப்பார். அங்க வந்து வழிச்சு சாப்பிடறாராக்கும்" என்பாள் அம்மா.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அறக்கட்டளை நிதியைக் குறைத்துவிட்டது. இனி நான்கு தட்டுகளுக்குத்தான் பணம். எல்லாவற்றின் குரோமோசோம்களையும் வெளியே அனுப்பிச் சோதித்து, தேறியவற்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

முடிவு வரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய கையையே திரும்பக் கழுவினாள். மூடிய இன்குபேட்டர் கதவை மறுபடி திறந்து பார்த்தாள். வீட்டில் சோற்றை வடிக்க மறந்தாள்.

"பரீட்சை எழுதியிருக்காரா உங்கப்பா?" என்று போனில் அம்மா சிரித்தாள். "எட்டாவதுலயே ரெண்டு தடவை ஃபெயில் ஆன ஆளுடி அவர்."

சோதனை முடிவு வந்த அன்று ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று தட்டுகள் எல்லா வகையிலும் தேறிவிட்டன. மீதி ஓர் இடம்.

"ஏழு கெட்டுப்போச்சும்மா. ஒரு குரோமோசோம்ல ஒரு துண்டு கூடுதலா இருக்கு. அந்தத் துண்டு இருக்கிற செல் சாக வேண்டிய நேரத்துல சாகாது. பக்கத்துல இருக்கிற நல்ல செல்லை எல்லாம் நெட்டித் தள்ளிட்டு அதுவே தட்டை நிறைச்சுக்கும். ரொம்ப வேகமா வளர்ந்திருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன் சார்."

வேறு எந்தத் தட்டு அப்படி வளர்ந்திருந்தாலும் முதல் வாரமே சந்தேகப்பட்டிருப்பாள். இத்தனை வருட வேலையில் அவள் முதலில் கற்றுக்கொண்டதே அதைத்தானே. அப்பாவை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்த எதற்கோ இவள் நாள் தவறாமல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆரம்பத்துல உறைய வச்ச ஏழாம் நம்பர் ட்யூப் ஒண்ணு தொட்டியில இருக்கு" என்றார் டாக்டர். "அது நல்லதாவே இருக்கலாம். எடுத்து முதல்லேர்ந்து வளர்க்கலாம். இல்லேன்னா மூணாம் நம்பர் தட்டு. மந்தம்தான், ஆனா சுத்தமா இருக்கு. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இடம். வளர்க்கப் போறது நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஏழு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டருக்கு எதுவும் தெரியாது, கேட்கவும் மாட்டார். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அந்த ட்யூபை வளர்த்து, அதுவும் ஒருநாள் கிடுகிடுவென்று நிறைந்தால் தனக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பார்த்தாள். சந்தோஷம்தான் தோன்றும்.

"மூணு சார்."

"ஏன்? ஏழாம் நம்பரைத்தானே இவ்வளவு நாளா தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினீங்க?"

"அது எங்கப்பா சார். அதைப் பார்த்தா எனக்குக் கண்ணு மறைச்சுடுது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தத் தட்டைத் தொடவே விட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் சார் சொல்லலை."

அவர் பதிவேட்டில் மூன்றாம் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஏழாம் தட்டில் அவளே பிளீச்சை ஊற்றினாள். மீடியத்தின் ரோஜா நிறம் வெளுத்துத் தண்ணீராயிற்று. தட்டு போன கழிவு வாளிக்கே உறைந்த ட்யூபும் போனது.

அம்மாவிடம் வாசலில் நின்றே சொன்னாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டிருந்தா வச்சுக்கோன்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள். ரொம்ப நாளைக்கு அவளாகப் போன் பண்ணவில்லை.

மூன்றாம் எண் யாரோ ஒரு மூதாட்டி. பெயர் தெரியாது, முகம் தெரியாது. மந்தமாகவே நகர்ந்த அந்தத் தட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் விளிம்புவரை நிறைந்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பக்கத்து மேஜைப் பெண், "பார்த்தீங்களாக்கா, உங்க கைராசி" என்றாள்.

ஏழும் இப்படித்தான் கிடுகிடுவென்று நிறைந்தது. மீடியத்தைக்கூட மாற்றாமல் கையுறையைக் கழற்றிவிட்டு டாக்டர் அறைக்கு விரைந்தாள்.

"சார், மூணை மறுபடி சோதனைக்கு அனுப்பணும். இன்னைக்கே."