பூட்ஸுக்கு வைத்த பொட்டு

இரண்டு வல்லரசுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒரு நீலத் தார்ப்பாய். சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஜோடி சேர்க்கும் வேலை. இடது காலையும் வலது காலையும் பொருத்திப் பார்த்து டப்பாவில் போட வேண்டும். அந்த வருடம் ராணுவ பூட்ஸுக்கு இரண்டு ஆர்டர் வந்தது. ஒன்று மேற்கே இருக்கிற பெரிய நாட்டுக்கு, இன்னொன்று கிழக்கே இருக்கிற பெரிய நாட்டுக்கு. இரண்டும் ஒரு தீவுக்காக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே தோல், ஒரே அச்சு, ஒரே நூல். தைத்ததும் நாங்களேதான்.

அந்தத் தீவுக்குப் பக்கத்துக் கடலில்தான் என் வீட்டுக்காரர் இருந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். போர்க்கப்பல்கள் குறுக்கும் நெடுக்கும் திரிந்ததால் அவருடைய கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாமல் வாரக்கணக்கில் நடுக்கடலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். துறைமுகம் போய்ச் சேர்ந்தால் அவர் ஒப்பந்தம் முடியும், வீட்டுக்கு வருவார். மனுஷன் முழுசாக வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு உலக அரசியல் கிடையாது.

சரக்கைப் பார்க்க இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே வாரத்தில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சரக்கு ஒருவர் கண்ணில் படக் கூடாதென்று மேனேஜர் ஹாலுக்கு நடுவே தார்ப்பாய் கட்டினார். காலையில் மேற்கு நாட்டுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து தைப்போம். மத்தியானம் டிபன் பாக்ஸோடு எழுந்து மறுபக்கம் போய்க் கிழக்கு நாட்டுக்குத் தைப்போம். காலி நாற்காலிகளோடு இந்தப் பக்கம் நிற்கிற ஆள், அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டதும் தார்ப்பாயில் காதை வைப்பார். எதிரிக்கு எவ்வளவு பூட்ஸ் தயாராகிறதோ என்று உடனே ஊருக்கு ஃபோன் போடுவார். மறுநாள் ஆர்டர் கூடும். அது தெரிந்து அடுத்தவர் ஃபோன் போடுவார்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், ஃபேன், கேட்டில் இருக்கிற பஞ்சிங் மெஷின், மேனேஜர் நாற்காலி என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தோம். கிழக்கு நாட்டுப் பெட்டிகள் கட்டி அடுக்கித் தயாராக நின்றன. கை சும்மா இருக்குமா? அவற்றுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தேன். மேற்கு நாட்டுப் பெட்டிகள் இன்னும் மடிக்காத அட்டையாகக் குடோனில் கிடந்தன.

மறுநாள் மேற்கு நாட்டுக்காரர் தார்ப்பாய் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டார். மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே? அந்தாளு பொட்ட காட்டிக் காட்டி கேக்குறாரு."

"பூஜ போட்டோம், நல்லா இருக்கட்டும்னு வெச்சோம்னு சொல்லுங்க சார்."

அப்படியேதான் சொன்னார். அட்டைப் பெட்டி நல்லா இருக்க வேண்டுமென்று யாராவது பொட்டு வைப்பார்களா என்று அந்த ஆள் நம்பவில்லை. எதிரிக்கு மட்டும் ஏதோ விசேஷத் தரம் போகிறது என்று முடிவுகட்டினார். அதே அடையாளம் தன் பூட்ஸுக்கும் வேண்டும், பெட்டியில் அல்ல, ஒவ்வொரு குதிகாலிலும், அழியாத பெயிண்டில் வேண்டும் என்றார். "நோ ப்ராப்ளம் சார்," என்றார் மேனேஜர். அவர் மூச்சு விடுவதே அந்த மூன்று வார்த்தையில்தான்.

கிழக்கு நாட்டுக்காரர் அதே இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டு இரண்டு பொட்டு கேட்டார். உடனே மேற்குக்கும் இரண்டு. பொட்டோடு சேர்ந்து ஆர்டரும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருத்தராவது இது எதற்கு என்று கேட்கவில்லை. நான் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் டிவியில் இரண்டு நாடும் தீவுப் பக்கம் படையை நகர்த்த ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், தார்ப்பாய அவுத்துடுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு பாத்தா அடங்கிடுவாங்க," என்றேன்.

"அவுத்தா ரெண்டு ஆர்டரும் போய்டும்மா. நீ பொட்ட வை."

வைத்தேன். எனக்கே என் மேல் ஆத்திரமாக இருந்தது. இருந்தாலும் வைத்தேன்.

பூட்ஸ் ஏற்றிய லாரிகள் போய்ச் சில மாதம் ஆனது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நாள் டீ நேரத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இன்னாமே, பயப்படாத. நல்லாத்தான் கீறேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். முகத்தை மூடிய சிப்பாய்கள் கப்பலில் ஏறி, எல்லாரையும் குப்புறப் படுக்க வைத்து, தலைக்கு மேல் துப்பாக்கி நீட்டிச் சோதனை போட்டார்களாம். இவர் கையில் குழம்புக் கரண்டி. அதைக் கீழே போடச் சொல்லிக் கத்தினார்களாம்.

"மூக்குக்கு நேரா ஒரு பூட்ஸ். குதிகால்ல ரெண்டு பொட்டு. மஞ்சள், நடுவுல செவப்பு. நீ வெச்சதுன்னு தெரிஞ்சிச்சு. அப்பறம் பயம் கொஞ்சம் கம்மி ஆச்சு."

"எந்த நாட்டுக்காரங்க?"

"எங்க தலைய தூக்க வுட்டான்? பூட்ஸ் மட்டும்தான் பாத்தேன். உனக்குத்தான் தெரியணும்."

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வைத்த கை என்னுடையது. "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.