லைன் பெட்டிக்குக் காவல்

கடந்த பொதுத்தேர்தலன்று, பண்டார் தெங்காராவில் எங்கள் தாமான் குடியிருப்பு முனையில், ஒரு மனிதரின் விரல்களை இரும்புக் கதவில் வைத்து நசுக்கினேன். கூட்டத்தில் யார் செய்தது என்று தெரியாது என இன்றும் சிலர் சொல்கிறார்கள். பொய். நான்தான் செய்தேன்.

என் தங்கை அன்று பள்ளியில் எங்கள் கட்சியின் ஓட்டு எண்ணும் முகவர். எண்ணி முடித்ததும் முடிவை ஒரு பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அதைப் படம் எடுத்து உடனே கட்சி அறைக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் எண்ணை மாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் பயம். அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி: தேர்தலன்று இணைய லைனை வெட்ட ஆள் வருவான், பெட்டியை விடாதீர்கள். யார் எழுதியது என்று எவனும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் நாலு குழுவுக்குத் தள்ளிவிட்டேன்.

மூன்று மணிக்கு லைன் செத்தது. கைப்பேசியிலும் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கும் லைன் போவது ரோட்டோர லைன் பெட்டியிலிருந்துதான்; ஏழெட்டுப் பேர் போய் அதற்கு எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். நாலரைக்குப் பெயர் எழுதாத வெள்ளை வேன் வந்தது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும், நம் தமிழ் ஆள்தான். நேரே பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புக் கேபிளை இழுத்து, நுனியை நறுக்கினார்.

"டேய், வெட்டுறான்" என்றான் என் பக்கத்தில் இருந்தவன். ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டோம்.

"என்னாண்ணே, எந்தக் கட்சி அனுப்புச்சு?" என்று கேட்டேன்.

"லைன் பாக்க வந்தேன் லா. அறுந்த நுனிய வெட்டாம எப்படி ஒட்டுறது?"

"வேலைக் கடுதாசி காட்டு."

"போன்ல இருக்கு." தொட்டுப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "லைன் இல்லாம எப்படித் தொறக்கும்? அதத்தான தம்பி சரி பண்ண வந்துருக்கேன்."

"நல்லா கதை விடுறாரு" என்று ஒருவன் சிரித்தான்.

நான் போனைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டேன். அவருடைய இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். விரலில் மை இல்லை. எங்கள் எல்லார் விரலிலும் இருந்தது.

"ஓட்டே போடல இவன்."

"எனக்குச் சிகாமட்ல ஓட்டு. காலையிலேர்ந்து வேலை, எங்க போறது?"

ஒருவன் ஹெல்மெட்டால் அவர் தலையில் அடித்தான். அவர் விழாமலிருக்கத் திறந்த பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். நான் கதவை அறைந்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. கேட்டும் இன்னொரு தடவை அறைந்தேன். கீழே விழுந்தவரை மற்றவர்கள் மிதித்தார்கள். ஒரு பல் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

மோட்டாரில் வந்த ஒருவர்தான் நிறுத்தினார். "என்னாடா பண்றீங்க? செம்பனைப் பழ லாரி மோதி அங்க கேபிள் கம்பமே சாஞ்சு கெடக்கு. அதான் லைன் இல்ல."

ஒரு நிமிடத்தில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். அடிபட்டவரைத் தூக்கி அவருடைய வேனிலேயே போட்டுக் கூலாய் மருத்துவமனைக்கு ஓட்டினேன். கையைச் சட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செம்பனைக்காடு முடியும் இடத்தில் லைன் கிடைத்தது. என் பையில் அவர் போன் மணியடித்தது.

"படி" என்றார்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். வேலைக் கடுதாசி திறந்திருந்தது.

"சத்தமாப் படி."

எங்கள் தாமான் பெயரைப் படித்தேன். பெட்டி எண்ணைப் படித்தேன். அவசரம், வாக்களிப்பு மையம், ஆறு மணிக்குள் முடிக்கவும் என்று இருந்ததையும் படித்தேன்.

"இப்ப வண்டிய ஓட்டு" என்றார்.

அன்று தங்கையால் படம் அனுப்ப முடியவில்லை. அவள் பாரத்தில் இருந்த எண்ணும் அறிவித்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அவருடைய இரண்டு விரல்கள் இனி மடங்காதாம். முடி போன்ற இழையைப் பிடித்து ஒட்டுகிற விரல்கள். போலீசில் நான் செய்ததைச் சொன்னேன். கூட இருந்தவன் எவனும் வரவில்லை.

தேர்தலுக்கு மறுநாள் மதியம் வேறொருவர் வந்து பெட்டியைத் திறந்தார். எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடுதாசி கேட்க யாரும் எழுந்திருக்கவில்லை.