டைபாய்டிலிருந்து என் கணவரைத் தேவன் மீட்டார்

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, என் பெயர் ஸ்டெல்லா. பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறோம். என் கணவர் தாமஸ் இங்கே ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் தேவன் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் லேசான சூடும் தலைவலியும்தான். பிறகு நாளுக்கு நாள் ஏறியது. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். இரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சல் குறைந்தது. உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

"இன்னும் மாத்திரை மிச்சம் இருக்குங்க" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கேன். சும்மா பயப்படாத" என்றார்.

காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை இறங்கவேயில்லை. வயிறு உப்பியது. கஞ்சிகூட உள்ளே போகவில்லை. ஒரு காலையில் என்னையே பார்த்து, "யாரும்மா நீங்க? சூப்பர்வைசர் வந்துட்டாரா?" என்று கேட்டார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே மலத்தில் இரத்தம் போனது. கன்னடக்கார டாக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "குடல்ல புண்ணாயிருக்கும்மா. ஓட்டை விழுந்தா ஆபரேஷன்தான். இஞ்செக்ஷன் போட்டிருக்கோம். ஜ்வர உடனே இறங்காது, ஸ்வல்ப பொறுத்துக்கோங்க."

வராந்தாவில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, அவர் குடலைத் தொடும். அவருக்கு என்னைத் தெரியணும்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. எங்கள் பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அழுகைதான் வந்தது. "நீ அழு ஸ்டெல்லா. நாங்க ஜெபம் பண்றோம்" என்றார்.

மறுநாளும் காய்ச்சல் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. தேவன் கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். ஆனால் இரத்தம் போவது நின்றிருந்தது. பிறகு ஒரு மத்தியானம் அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, "ஸ்டெல்லா, நீ சாப்டியா?" என்றார். நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்துவிட்டார்கள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, "ஆபரேஷன் பேடம்மா, வேண்டாம்" என்றார். அல்லேலூயா.

ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போனவர், இப்போது எனக்கு முன்னால் சபைக்குக் கிளம்பி நிற்கிறார். வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் அவர்தான்.

காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறினால் டாக்டரிடம் போங்கள். மருந்தை முழுவதும் சாப்பிடுங்கள். அதையும் தந்தவர் தேவன்தான். ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். கண்ணீரும் அவருக்குப் புரியும். அவரை நம்புங்கள், அவர் நல்லவர்.