கால் ஆற்றோடு போனது, நான் அருவிக்குப் போனேன்

போன வருஷம் ஐப்பசிப் பள்ளி விடுமுறை நேரம், ரீயூனியன் தீவில் நடந்தது இது. பிரான்சுக்குச் சொந்தமான தீவுதான் என்றாலும், பாரிசிலிருந்து இரவு முழுக்கப் பறந்தால்தான் இந்து சமுத்திரத்துக்குள் அது தென்படும். என் தம்பிக்கு அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பதினாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வன்னியில் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுப் போனது. பாரிசுக்கு வந்த பிறகு நல்ல செயற்கைக் கால் போட்டுத் தந்தார்கள். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். மெஷினை மிதிக்க வலது கால் போதும். வெளியே போனால் எப்போதும் களிசான்தான், அகலமான நீளக் காற்சட்டை. கடைக்கு வருகிற பெண்கள் பலருக்கு விஷயமே தெரியாது. தெரியவும் வேண்டாம் என்றே இருந்தேன்.

தீவின் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் ஓடும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால், போகப் போக இரண்டு பக்கப் பாறைச் சுவர்களும் நெருங்கி வரும், முடிவில் ஒரு அருவி இருக்கிறது என்று தம்பி சொன்னான். மகள் அந்த அருவியின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நின்றாள். என்னை மட்டும் வாகனத்தடியில் இருக்கச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் சுருக்கென்றது. கடற்கரைக்குப் போனாலும் குளக்கரைக்குப் போனாலும், உடுப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் அம்மாவைத்தான் என் பிள்ளை கண்டு வளர்ந்திருக்கிறாள். அன்றைக்குக் காவல் இருக்க மனம் வரவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

பாதை ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்தது. தம்பி முன்னால் நின்று கை கொடுப்பான், மகள் பின்னால் என் இடுப்பைப் பிடிப்பாள். வெயில் ஏற ஏற, மொட்டைக் காலில் மாட்டியிருந்த உறைக்குள் வியர்த்து, செயற்கைக் கால் தளர்ந்துகொண்டு வந்தது. நின்று கழற்றித் துடைத்துப் போட்டிருக்கவேண்டும். அதற்குள் அருவியின் இரைச்சல் கேட்டுவிட்டது. எனக்குப் பொறுமையில்லை.

அடுத்த தடவை ஆற்றைக் கடக்கும்போது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே செருகிக்கொண்டது. பலமாக இழுத்தேன். கால் கழன்று களிசானுக்குள்ளால் வழுக்கிப் போக, நான் தண்ணீருக்குள் விழுந்தேன். தம்பி என்னைப் பிடித்துவிட்டான். காலைப் பிடிக்க ஆளில்லை. அது கல்லிடுக்கிலிருந்து விடுபட்டு, சப்பாத்தோடு உருண்டு உருண்டு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. மகள் கத்தினாள்.

கீழே ஒரு பாறையில் மனைவியோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஒரு மனிதர். கையிலிருந்த சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார். ஆழத்தில் விழப்போன காலை எட்டிப் பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலேறி வந்தார். பரிதாபப் பார்வை இல்லை, கேள்வி இல்லை. தன்னுடைய துவாயால் அதைத் துடைத்து வெயில் பட்ட கல்லில் வைத்தார். நாங்கள் தமிழர் என்றதும் தன் நெஞ்சைத் தொட்டு, தன் முன்னோரும் தமிழர்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். மொழி மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை.

அருவி அந்த வளைவுக்கு அப்பால்தானாம். ஆனால் இனி நடை இல்லை, சுவருக்குச் சுவர் ஆழத் தண்ணீர், நீந்தித்தான் போகவேண்டும், மனைவிக்கு நீச்சல் தெரியாததால் தாங்கள் இதோடு நின்றுவிட்டதாகச் சொன்னார்.

தம்பி என் தோளைத் தொட்டான். "அக்கா, காணும், போதும். இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம். கால் காய்ஞ்ச உடனை திரும்புவம்."

"கால்தானே ஆத்தோடை போனது. நான் இஞ்சைதானே இருக்கிறன்" என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், தமிழில் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

குளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். நடக்கப் பழகின கையோடு நீந்தவும் பழகினேன். கால் போன பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை. உடம்பு மறந்திருக்குமோ என்று எனக்கும் பயம்தான். 

"தண்ணிக்குள்ளை காலுக்கு என்ன வேலை? வா" என்றேன்.

வெற்றுக் களிசான் கால் தண்ணீரில் இழுக்கும். உறையைக் கழற்றிக் காலுக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டு, களிசானை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் கட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அந்த மொட்டைக் காலைக் காட்டியது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. உட்கார்ந்தபடியே கல்லுக்குக் கல் நகர்ந்து போய் இறங்கினேன்.

குளிர் மூச்சை அடைத்தது. ஒற்றைக் காலால் உதைத்ததும் உடம்பு இடப்பக்கம் திரும்பி, நேரே போய்ச் சுவரில் மோதினேன். பிறகு பிடிபட்டது, இடக்கையால் இன்னும் ஊன்றி இழுக்கவேண்டும். நாலைந்து வீச்சில் நேராகிவிட்டேன். பக்கத்தில் மகள். தம்பி பின்னால். பாறைச் சுவர்கள் வானத்தை ஒரு நாடாவாக ஒடுக்கிவிட்டன. கீழே தண்ணீர் கறுப்பு. பாரிஸ் நீச்சல் தடாகத்தில் அடி தெரிய நீந்திப் பழகின பிள்ளை நடுவழியில் பதறி, மூச்சு வாங்கத் தொடங்கினாள்.

"கீழை பாக்காதை. என்ரை முகத்தைப் பார். என்னோடை வா."

என்னையே பார்த்தபடி வந்தாள். வளைவு திரும்பியதும் வெளிச்சம் கொட்டியது. எவ்வளவோ உயரத்திலிருந்து வெள்ளையாக அருவி இறங்கி, காற்றில் சிதறி, எங்கள் முகத்தில் அடித்தது. ஒரு தட்டைப் பாறையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

அந்த நேரம் மேலேயிருந்து தலைக்கவசம் போட்ட இளைஞர்கள் சிலர் கயிறு பிடித்து அருவியோடு இறங்கி வந்தார்கள். பாறையில் நனைந்த முடியும் ஒற்றைக் காலுமாக இருந்த என்னைக் கண்டு திகைத்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். பாரிஸ், லாச்சப்பல் என்றேன். அவன் பார்வை என் காலில் நின்றது. நான் மறைக்கவில்லை. அவன் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கை தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்லாயிருந்தது.

திரும்பி நீந்தி வந்தபோது அந்த மனிதரும் மனைவியும் போகாமல் இருந்தார்கள். காலும் உறையும் காய்ந்திருந்தன. வெயில் நகர நகர, அவற்றையும் நகர்த்தி நகர்த்தி வைத்திருந்திருக்கிறார் அவர். நன்றி சொல்ல வாய் எடுத்தேன், முதலில் சாப்பிடச் சொல்லிச் சோற்றை நீட்டினார்.

நிலத்தில் என்னால் முடியாதவை இன்றைக்கும் நிறைய உண்டு. ஆனால் ஒரு காரியத்துக்கு "உங்களாலை ஏலுமோ" என்று யாராவது கேட்டால், இப்போது நான் இல்லை என்று தொடங்குவதில்லை, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டு, இறங்குகிற இடத்தைத் தேடுகிறேன்.